மூன்று முறை அழைத்தும்

எனக்கு இரண்டு பெயர்கள். இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ளது. வீட்டில் அதையே சுருக்கிக் கூப்பிடுவார்கள். இன்னொன்று என் கல்யாண அழைப்பிதழுக்காக வைத்தது. ஜாதகம் இரண்டும் பொருந்தவில்லை என்று ஜோசியர் கையை விரித்தபோது, பெயர்ப் பொருத்தமாவது பார்க்கலாம் என்று அப்பா கேட்டார். நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் வேலையில் இருக்கிற மாப்பிள்ளை, அதுவும் நாங்கள் இருந்த டவுன்ஷிப்பிலேயே. விட மனம் வரவில்லை. ஜோசியர் ஒரு எழுத்தைச் சொன்னார். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றை அப்பா தேர்ந்தெடுத்தார்.

"கல்யாணத்துக்கு மட்டுந்தாம்ளா. பெறகு யாரு கூப்பிடப் போறா?" என்றார்.

அப்பா சொன்னபடியே ஆயிற்று. தாலி ஏறிய பிறகு அந்தப் பெயரால் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தாலி கட்டியவரோ என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். நான் "இதோ" என்பேன்.

அவர்கள் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கள். நாங்கள் அப்பாவின் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்து, சாப்பிட்டு, தூங்கிவிடுவார். எனக்கோ நானாக ஒரு பேச்சைத் தொடங்கத் தெரியாது. "ஒம் பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள மைன்ஸ்ல கரியே தீந்துடும்டா" என்று மாமியார் ஒருநாள் சொன்னார். சிரிப்பதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த அவரும் சிரித்தார், தாயோடு சேர்ந்து. நான் பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு, இரண்டு பிளாக் தள்ளியிருந்த அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு நடந்து வந்துவிட்டேன்.

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டார்தான் கொண்டுவந்து விட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இப்படியே இரண்டு பொங்கல் போயிற்று. பிறகு கடலூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

சம்மன் இங்கிலீஷில் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, தேதியை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"நீ அவன விட்டுட்டு வந்துட்டேன்னு கேசு போட்டிருக்கான். வக்கீலெல்லாம் வேண்டாம். நீயே போயி ஒன் வாயால சொல்லு. கூப்பிட்டா வாறேன்னு சொல்லு. ஜட்ஜும் மனுசந்தான?"

அந்த ஒரு வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்தேன். கூப்பிட்டால் போகிறேன் ஐயா. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் மாமா துணைக்கு வந்தார். கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். டவாலி போட்ட சேவகர் வாசலில் நின்று பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வக்கீலோடு உள்ளே போனதைப் பார்த்தேன். அடுத்தது நாங்கள்தான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். சேவகர் ஏதோ ஒரு பெண்ணின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ பாவம், பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளையில் கூட்டம் கலைந்தது. மாமா உள்ளே போய் என் பெயரைச் சொல்லி விசாரித்தார். அந்தப் பெயரில் இன்றைக்குக் கேஸ் எதுவும் இல்லை என்றார்கள். தள்ளிப்போட்டிருப்பார்கள், மறுபடி சம்மன் வரும் என்று ஊர் திரும்பினோம். சம்மன் வரவில்லை. சில மாதம் கழித்து, கோர்ட்டில் என்னிடமிருந்து விடுதலை வாங்கிவிட்டார், அவருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று செய்திதான் வந்தது.

"நம்மள வெளியில உக்கார வச்சிட்டு, வேற ஒரு நாளு கமுக்கமா முடிச்சிருக்கான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஷிப்டுக்குப் போகிற வழியில் அவரைக் கண்டால் சைக்கிளை வேறு ரோட்டில் திருப்பிவிடுவார். நானும் அதையே நம்பினேன். அவ்வளவு தூரம் வஞ்சகம் செய்கிற மனிதரா என்று ஒரு பக்கம் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வெளியாளாகச் சீட்டு வாங்கிக் காட்டினேன். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தில் பெயர் இருந்தால் செலவில்லை. ஆனால் கல்யாணத்தின்போதே என் பெயரை அதிலிருந்து அடித்துவிட்டிருந்தார்கள். மறுபடி சேர்க்க வேண்டுமானால், விவாகரத்தான மகள் என்பதற்குக் கோர்ட் தீர்ப்பின் நகல் வேண்டும் என்றது அப்பாவின் ஆபீஸ். அப்பா ரிட்டையர் ஆக அதிக நாள் இல்லை. ரிட்டையர் ஆகிவிட்டால் புத்தகமும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை.

அதனால் நான் கடலூர் பஸ் ஏறினேன். நகல் பிரிவில் ஒரு ஜன்னல். பின்னால் வரிசையாக ஆண்கள். விவாகரத்து என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

"ஒரு கேஸ்ங்க" என்றேன்.

"இன்னா கேசும்மா? நெலமா?"

"இல்லீங்க. கல்யாண கேஸ்."

"கல்யாணத்துக்கு யாரும்மா கேஸ் போடறாங்க? அது முடிஞ்சாத்தான் கேசு" என்றார் உள்ளே இருந்த குமாஸ்தா. பின்னால் ஒருவர் சிரித்தார். "சரி, ஓ.பி. நம்பர் சொல்லுங்க."

நான் பர்ஸைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினேன். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஓ.பி. என்றால் அந்தச் சீட்டுதான். கோர்ட்டில் ஓ.பி. என்பது மனுவுக்குப் பெயர் என்று எனக்குத் தெரியாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கழுத்துக்குப் பாக்கற ஓ.பி.ம்மா. நான் கேக்கறது கழுத்துல கட்டினதுக்குப் பாக்கற ஓ.பி."

இந்த முறை வரிசை முழுவதும் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மோசமான மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, பெயரையும் சுமாரான வருஷத்தையும் கேட்டார். என் பெயரில் எதுவும் இல்லை. கேஸ் போட்டவர் பெயரைச் சொன்னேன். பெரிய பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இவரு இருக்காரு. ஆனா எதிர்மனுதாரர் நீங்க இல்லியேம்மா. வேற யாரோ பொண்ணு."

எனக்கு முன்னால் அவருக்கு ஒருத்தி இருந்திருக்கிறாளா? வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்பு உட்கார்ந்த அதே வராந்தா. உள்ளே குமாஸ்தா பக்கத்திலிருந்தவரிடம் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, பார்ட்டியைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை காதில் விழுந்தபோதுதான் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் நினைவுக்கு வந்தது.

மறுபடி ஜன்னலுக்குப் போனேன். "அது நான்தாங்க."

"இப்பத்தான இல்லன்னீங்க?"

"அதுவும் நான்தாங்க" என்றேன்.

நகல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். தபாலில் அனுப்புவார்கள் என்று நினைத்து வீட்டில் இருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழகிய வேலை. நகல் எழுதும் முத்திரைத்தாள் கேட்டு கோர்ட் வாசல் போர்டில் ஒட்டுவார்கள், கெடுவுக்குள் தாளை வாங்கிக் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி என்பது எனக்குத் தெரியாது. குமாஸ்தா சொல்லித்தான் இருப்பார். சிரிப்புச் சத்தத்துக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மறுபடி மனு கொடுத்தேன். பிறகு வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக அந்த பஸ்ஸில் எத்தனை முறை போய் அந்த போர்டின் முன்னால் நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியில் நகல் கைக்கு வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெரும்பாலும் புரியவில்லை. ஒரு வரி புரிந்தது. மூன்று முறை அழைத்தும் எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை. மேலே தேதி இருந்தது. வேறு ஏதோ நாள் இல்லை. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே நாள். கல்யாணத்துக்கு அத்தாட்சி அழைப்பிதழ்தான் என்பதால் அதிலிருந்த பெயரிலேயே கேஸ் போட்டிருக்கிறார்கள். சேவகர் கூப்பிட்டது என்னைத்தான். பஸ் கிடைக்காத அந்தப் பாவம் நான்தான்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நகலை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தப் பெயர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான வச்சேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதோடு முடியவில்லை. ஆபீஸில் நகலைப் பார்த்துவிட்டு, "இது உங்க பொண்ணு பேரு இல்லியே சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒருத்திக்கு உரியவை என்று அந்தக் கணவர் எழுதிக் கொடுத்தால் போதும், அவரும் இங்கே வேலை செய்கிறவர்தானே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவும் நானும் போனோம். அப்பா தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் தனியாகப் போய்க் கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"யாருங்க?"

என் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு பெயரைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஆனாலும் கதவை நன்றாகத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

அவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவியிருந்தார். காதோரத்தில் கரி அப்படியே இருந்தது. அது எப்போதும் விட்டுப்போகிற இடம். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நான் நகலைக் கொடுத்து, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஒம் பேரு இது இல்லியா?"

"இல்ல. பொருத்தத்துக்கு வச்சது."

"எனுக்கு யாரும் சொல்லலியே. ஆபீஸ் புக்குலகூட இதத்தான குடுத்தேன்."

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பேசாமல் இருந்தவளுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் வந்திருந்தேன். வெளியில பெஞ்சுல இருந்தேன். கூப்பிட்டது என்னைன்னு தெரியல."

அவர் நகலில் தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார். "மூணு வாட்டி கூப்ட்டாங்க. நான் வாசப்படியவே பாத்துகினு இருந்தேன். ஜட்ஜு கேட்டாரு, அந்தம்மா வந்தா சேந்து இருக்கறியான்னு. வந்தா வூட்டுக்கு இட்டுகினு போறேங்கன்னு சொன்னேன்."

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. அந்தப் பெண் டீ டம்ளரோடு நடையில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். எனக்கு அப்போது உறைத்தது. எனக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தையை இவ்வளவு காலம் கழித்து வாங்க வந்து, அவள் வீட்டில், அவள் காதில் அதைப் போட்டுவிட்டேன். அந்த ஒன்றுக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

"டீ ஆறுதுங்க" என்றாள் அவள்.

அவர் காகிதம் எடுத்து எழுதினார். பாதியில் நிறுத்தி, "ஒம் பேரு எப்பிடி எழுதணும்?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வாசல்வரை அவள் வந்தாள். "ஒடம்பப் பாத்துக்குங்க அக்கா" என்றாள்.

தெருமுனையில் அப்பா, "எழுதிக் குடுத்தானா?" என்று கேட்டார்.

"குடுத்தாரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்த பிறகு, "வேற என்ன சொன்னான்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன். ஜட்ஜ் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் அப்பாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

அப்பாவின் புத்தகத்தில் என் பெயர் ஏறியது. இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் 'என்கிற' என்று போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி.யில் நல்ல கூட்டம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அவசரத்தில் அவர் கண்ணில் பட்டது பின்னால் இருந்த அழைப்பிதழ்ப் பெயர். அதைத்தான் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்று எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"எதுக்கும்மா கத்தறீங்க? ஒரு வாட்டிதான கூப்ட்டேன்" என்றார் நர்ஸ்.