செவ்வாய்க்கிழமைக் கடல்

பிரவுசர் சேர்த்து வைத்திருப்பதைத் துடைத்தால் கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாமே போய்விடும் என்று குடாவெல்லையில் ஒரு பேச்சு இருந்தது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவரின் மச்சாள் சொன்னதாக ஐஸ் தொழிற்சாலைப் பெண்கள் சொன்னார்கள். யாரோ ஒருத்தியின் மகளுடைய கலியாணப் படங்கள் அப்படித்தான் போனதாம். அந்த ஒருத்தி யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ரம்யலதா அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். கம்ப்யூட்டர், காலி நகரத்துக்குத் தாதிப் பயிற்சிக்குப் போன மகளுடையது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அதை வைத்து, துறைமுகச் சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டிருப்பாள். ஆழ்கடலுக்குப் போன படகுகள் அதில் புள்ளிகள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரில்தான் பார்க்கச் சங்கம் அனுமதித்திருந்தது. தெற்கே தனியாக நின்ற புள்ளி புருஷன் நிஹாலின் படகு.

அவன் போய் ஏழு நாள். படகிலிருந்து துறைமுக ரேடியோ அறைக்கு முதல் செய்தி வரும்வரை அந்தக் கரையில் வீடு கூட்டமாட்டார்கள். கூட்டினால் போனவனின் வழியையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடும். மூன்றாம் நாளே வரவேண்டிய செய்தி இந்தமுறை வரவில்லை. நூல் துண்டுகளும் மணலும் கால்மாட்டில் சேர்ந்தன. புள்ளியும் அசையவில்லை. முதலில் பயந்தாள். பார்க்கப் பார்க்க அந்த நிற்பே ஒரு சுகமாகிவிட்டது. அலையில்லாத நீலம், நடுவில் கட்டியிருந்த சாரத்தை முகத்துக்கு இழுத்துவிட்டு அவன் தூங்குகிறான். எழுப்பிவிடக் கூடாதென்பது போல மெஷினை மெல்ல மிதித்தாள்.

ஞாயிறு மத்தியானம் மாத்தறையிலிருந்து நிஹாலின் தங்கை சந்திமா பலாக்காய்க் கறியோடு வந்தாள். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. கடல் படத்தின் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தவள் கறிச்சட்டியை இறக்கவே மறந்துபோனாள்.

“அண்ணி, நீங்க பாக்கிறது செவ்வாய்க்கிழமைக் கடல்.”

சேர்த்து வைத்த பழைய படத்தையே பிரவுசர் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது, அதைத் துடைத்தால்தான் இன்றையது வரும், வேறொன்றும் அழியாது என்று விளக்கினாள்.

“வீடே கூட்டாம இருக்கிறன். இதைத் துடைக்கச் சொல்றியா?”

“அண்ணன் என்ன, இதுக்குள்ளயா குடியிருக்கிறார்?”

“ஏழு நாளா இதுக்குள்ளதான்.”

சந்திமா சிரிக்கத் தொடங்கி, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சுட்டியை அவள் பக்கம் தள்ளினாள். துடைப்பதென்றால் நீங்கள்தான் துடைக்க வேண்டும், நான் தொடமாட்டேன் என்றாள்.

ரம்யலதா கையைச் சட்டையில் துடைத்தாள். எவ்வளவு காலத்தில் சேர்ந்ததைத் துடைப்பது என்று திரை கேட்டது: ஒரு மணி நேரம், ஒரு நாள், எல்லாக் காலமும். எல்லாக் காலமும் என்பதைத் தொடும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது கடல் இல்லை, வெறும் வெள்ளை. பிறகு நீலம் மேலிருந்து கீழாகக் கசிந்து இறங்கியது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. தெற்கே ஒன்றும் இல்லை. கிழக்கே, வெகு தூரத்தில், அவனுடைய புள்ளி. பக்கத்தில் இன்றைய தேதி, காலை ஆறு பத்து.

“அசைஞ்சிருக்கு அண்ணி,” என்றாள் சந்திமா.

அசைந்திருக்கிறது. எஞ்சினில் ஓடிப் போனதா, எஞ்சின் நின்று நீரோட்டத்தில் போனதா என்று புள்ளி சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்க ரேடியோ அறையால்தான் முடியும். ரம்யலதா போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. அந்தப் புள்ளியிலிருந்து கண்ணெடுக்காமல் காதில் வைத்திருந்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.