பங்கு பிரித்துக் கொடுத்த சோகம்

கணபதிப் பகுதியில் பம்புசெட்டு உதிரிபாகம் கடையும் பட்டறை என்னுடையது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒற்றை லேத்தில் தொடங்கி முப்பத்தாறு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்தேன்; யாரும் கைதூக்கி விடவில்லை. இன்றைக்கும் இரும்பை விரலால் தடவியே எங்கே கூடுதல், எங்கே குறைச்சல் என்று சொல்லிவிடுவேன். பிறகு கருவி வைத்து அளந்தாலும் நான் சொன்னதுதான் இருக்கும்.

என் ஒரே மகள் புள்ளியியல் படித்தவள். மனச்சோர்வை அளக்கும் சாப்ட்வேர் எழுதுகிறேன் என்று இரண்டு வருஷம் மாடி அறையிலேயே கிடந்தாள்.

"மனசை எப்படிக் கண்ணு அளப்பே?" என்று கேட்டேன்.

"இருபது வாக்கியம் குடுப்பனுங்கப்பா. ஆமா, இல்லைன்னு குறிக்கோணும். எந்த வரிக்கு எத்தனை பேரு ஆமாங்கறாங்கன்னு பார்த்து, வாக்கியத்தையும் ஆளையும் சோர்வு ஏறுற வரிசைல ஒரே ஸ்கேல்ல நிறுத்திரும்."

தாராபுரத்தில் ஒரு மருத்துவர் அதைத் தன் நோயாளிகளிடம் பயன்படுத்தச் சம்மதித்திருந்தார். அதற்கு முன் தமிழ் ஆட்களின் பதில்களை வைத்து அந்த ஸ்கேலில் இதற்கு மேலே போனால் சோர்வு என்று கோடு போட வேண்டும். ஆள் வேண்டுமென்றாள். "முப்பத்தாறு பேரைச் சும்மாவா வெச்சிருக்கறேன்?" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பின் எல்லோரையும் பட்டறையில் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தாள். நான் வாசலில் கை கட்டி நின்றேன். பத்தே நிமிஷம். தாள்களை வாங்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். 'எதிலும் மனம் ஒட்டவில்லை' என்பதற்கும் ஆமாம். 'காலையில் தெம்பாக எழுகிறேன்' என்பதற்கும் ஆமாம். முப்பத்தாறு பேரும், இருபதுக்கும்.

ஏனப்பா இப்படி என்று லேத் ஓட்டும் மூத்த டர்னரைக் கேட்டேன்.

"நம்ம அம்மணி கேக்குது. நீங்களும் நிக்கறீங்க. இல்லீன்னு எப்பிடிங்க போடறது?"

அடுத்த வாரம் மறுபடி எழுதச் சொல்லலாம், பேர் போடாமல் பெட்டியில் போடட்டும் என்றாள் மகள். "நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாதுங்கப்பா." அதற்குள் அவள் தாராபுரம் போக வேண்டி வந்தது. இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு இருபது வரியை ஒழுங்காக நிரப்பி வாங்கத் தெரியாதா? ஆட்களைக் கூப்பிட்டு மூன்றாகப் பிரித்தேன். பன்னிரண்டு பேர் சோகம், பன்னிரண்டு பேர் நடுத்தரம், பன்னிரண்டு பேர் சந்தோஷம்.

"எனக்கு ஏனுங்க சோகம்? போன வாரந்தானுங்க புள்ளைக்கு நிச்சயம் பண்ணுனேன்" என்றார் ஒருவர்.

"நடிச்சுப்போடு."

"அப்ப அழுதே போடறனுங்க!"

பட்டறையே சிரித்தது. டிரில்லிங் மெஷின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குச் சந்தோஷம் விழுந்திருந்தது. அவர் மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்பது தாளைக் கொடுத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாற்றிக் கொடுத்திருக்கலாம். கணக்குக் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன். தெம்பாக எழுகிறேன் என்பதற்கு ஆமாம் போட்டு மடித்துக் கொடுத்தார்.

மகள் வந்ததும், "நான் அந்தப் பக்கமே போகலை கண்ணு" என்று சொல்லித் தாள்களை நீட்டினேன். சாப்ட்வேர் அத்தனை பேரையும் ஸ்கேலில் அச்சுப் பிசகாமல் நிறுத்திக் காட்டியதாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் ஆட்கள் இல்லையென்றால் அந்த சாப்ட்வேரே இல்லை என்று போன கல்யாண வீடெல்லாம் சொன்னேன்.

சில மாதம் கழித்து மருத்துவர் மகளைப் போனில் கூப்பிட்டார். சாப்பாடு இறங்காமல், தூக்கமில்லாமல் வருகிறவர்களை அந்த சாப்ட்வேர் சோர்வில்லை என்று திருப்பி அனுப்புகிறதாம். மகள் பழைய தாள்களோடு கீழே வந்தாள்.

"நெசமாச் சோர்ந்தவங்க நாலுக்கு ஆமான்னு போட்டு மிச்சத்தை மறைப்பாங்க. இதுல பன்னெண்டு பேரு ஒண்ணுவிடாம சோகம். அதை வெச்சுக் கோடு போட்டதுல நெசமானவங்க கோட்டுக்குக் கீழ போயிட்டாங்க. மனுசங்க இவ்வளவு சுத்தமாச் சொல்ல மாட்டாங்கப்பா. அப்பவே தோணுச்சு. நீங்க வாங்கிக் குடுத்ததுன்னு விட்டுட்டேன்."

"உனக்கோசரந்தான் கண்ணு பண்ணுனேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. பதில்கள் பொய், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவருக்கு எழுதினாள். மாடி அறையைப் பூட்டினாள். இப்போது ஏதோ கம்பெனியில் வேலை. காந்திபுரத்துப் பக்கம் விடுதியில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பாடு போடுவாள், போய்விடுவாள்.

போன ஞாயிறு சாப்பிடும்போது கேட்டேன். "சந்தோஷமா இருக்கறயா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

கை கழுவிவிட்டு வந்து கேட்டேன். "மனசு சங்கடமா இருக்குதா?"

"ஆமாங்கப்பா."

"அந்த சாப்ட்வேர் வேலையை மறுபடி எடுக்கலாமே?"

"சரிங்கப்பா" என்று எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். வேறெதுவும் கேட்கத் துணியவில்லை.