பன்னிரண்டாம் நம்பர் பாகு

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்தபோது, தானாக எழுந்து நடந்தவர்கள் நான்கு பேர். அதில் என் தங்கை சுருளியம்மாள் ஒருத்தி. கேரளாவுக்குப் போன கணவன் திரும்பாமலே போன பிறகும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் முடிக்க வைத்தாள். பொம்பளை நடத்துகிற தொழிலுக்கு இடம் தரமாட்டேன் என்று சொன்னவரிடமே, சின்னமனூரில் மூடிக்கிடந்த வெல்ல ஆலைக் கொட்டகையைக் குத்தகைக்கு வாங்கினாள். பெரிய கம்பெனிப் பாக்கெட்டுகள் தொங்கும் கடைகளில் தன் சலவைப் பவுடரையும் தொங்கவிட்டாள். 2008-இல் ஒரு கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் அவள் கைநாட்டுத்தான் வைத்தாள். ஒன்பது வயதில் களையெடுக்க மலையேறியவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

பூச்சிமருந்து படிந்த தோட்டத்துத் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை வெடித்தவள் அவள். சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து எடுக்கும் ஒரு நுரைச்சரக்கு இருக்கிறது, அதில் பவுடர் செய்தால் கை எரியாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதும் அதையே பிடித்துக்கொண்டாள். நீல டிரம்மில் தேன் நிறத்தில் வரும். நாங்கள் பாகு என்றுதான் சொல்வோம். வெள்ளை உப்புத்தூளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து, நிழலில் உலர்த்திச் சலித்துப் பாக்கெட் போடுவோம். யாரையும் கையுறை போட விடமாட்டாள்.

“உறையப் போட்டுக்கிட்டுப் பிசைஞ்சா, கை எரியாதுன்னு எவ நம்புவா?” என்பாள்.

பதம் பார்ப்பதும் கட்டைவிரலால்தான். ஒரு சிட்டிகை எடுத்து ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். டிரம்மில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதை நோட்டில் தேதியோடு எழுதுவது என் வேலை. அர்த்தம் தெரியாத ஆங்கில எழுத்தையும் பார்த்து அப்படியே வரைந்துவைப்பேன். 2009 ஜூன் வரை வந்த டிரம்களில் பி, எச் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 7 என்று இருந்தது. ஜூலை 3-ஆம் தேதி வந்தவற்றில் 12. சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் சுந்தர்ராஜிடம் கேட்டேன்.

“பன்னெண்டாம் நம்பர்க்கா. ஏழை விடப் பன்னெண்டு உசத்திதான?” என்று சிரித்தார்.

நாங்கள் நம்பினோம். ‘உசத்திச் சரக்கு’ என்று நோட்டில் எழுதியவள் நான்தான்.

முதலில் விலகியது எறும்பு. பழைய டிரம்களின் வாயோரம் எப்போதும் வரிசையாக நிற்கும். இப்போது ஒன்றுகூட வரவில்லை.

“எறும்புக்கே பிடிக்காத சக்கரையா யக்கா?” என்று கேட்டாள், எங்களோடு பிசையும் மெகருன்னிசா.

“எறும்புக்குத் துவைக்கத் துணி இல்லடி, அதான்” என்றாள் சுருளி.

ஆவணியில் நாங்கள் பிசையும் அலுமினியச் சட்டி கறுத்து, அடியில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழுந்தன. புரட்டாசியில் மெகருன்னிசா, புளி கரைத்தால் கை சுள்ளென்கிறது என்றாள். சுருளிக்கு எதுவும் எரியவில்லை. காய்ப்பு ஏறிய கை அது. காய்ப்பு மறைந்து, உள்ளங்கை நாளுக்கு நாள் வழவழப்பாகிக்கொண்டே வந்தது. “பவுடரோட ராசியப் பாருங்கடி” என்று மகள்களிடம் விரித்துக் காட்டினாள்.

நவம்பர் 14, சனிக்கிழமை. இருநூற்று நாற்பது மாணவிகள் இருக்கும் ஒரு விடுதியில் பாக்கெட்டுகளை இறக்கினோம். அவள் வாங்கியதிலேயே பெரிய ஆர்டர். ரசீதில் அவள் கைநாட்டு வைத்ததும், விடுதி மேற்பார்வையாளர் வைகுண்டராஜ் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னத்தா இது, மை கொட்டிருச்சா? இன்னொருக்கா வையி.”

மூன்று தடவை வைத்தாள். மூன்றும் கறுப்பு வட்டம்.

“ரேகைய வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?” என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் கைநாட்டு அதில் இருக்கிறது. சித்திரையில் ஒவ்வொரு கோடும் எண்ணும்படி இருந்தது. ஆவணியில் பாதி அழிந்திருந்தது. ஐப்பசியில் ஒன்றுமில்லை. பக்கத்தில் என் டிரம் நோட்டை விரித்து வைத்தேன். ஜூலை 3-க்கு முன்னால் வைத்த கைநாட்டுகளில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பவுடரோடும் நோட்டோடும் உத்தமபாளையம் போனோம். மெகருன்னிசாவின் பக்கத்து வீட்டு அப்துல் வாஹித் வேதியியல் ஆசிரியர். நோட்டைப் படித்துவிட்டு, பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஒரு சின்னச் சோதனைத்தாளை நனைத்தார். தாள் கருநீலமானது.

“சரக்கு சக்கரைச் சரக்குதான். ஆனா பன்னெண்டுங்கிறது தரமில்லம்மா, காரம். சுண்ணாம்பு மாதிரி அரிக்கும். எலுமிச்சை உப்புப் போட்டுக் காரத்த இறக்காம இதுல கையே வைக்கக் கூடாது. யாரு வெறுங்கையில பிசைஞ்சது?”

சுருளி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்.

“சின்னப் பிள்ளைக துவைச்சா?” என்று கேட்டாள்.

“நாலஞ்சு நாள்ல தோல் உரியும். கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும்.”

விடுதியில் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாக்கெட் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். வைகுண்டராஜ் சரக்கு வைத்த அறையின் சாவியை எடுக்கவில்லை.

“வரவு வச்ச சரக்க வாயால கேட்டா எப்படித் தர்றது? என்ன கோளாறுன்னு ஓனரு எழுதித் தரணும். கையெழுத்துப் போட்டு. உன் கைநாட்டு மையோட சரி.”

அதற்குள் மெகருன்னிசா சொல்லி, சுந்தர்ராஜ் என் செல்போனுக்கு வந்துவிட்டார். தங்கையிடம் கொடுத்தேன். அவர் குரல் எனக்கும் கேட்டது. “எழுத்துல குடுத்தீகன்னா தொழில் முடிஞ்சது. தேனியில இருந்து கூடலூர் வரைக்கும் ஒரு கடை வாங்காது. பேசாம இருங்க, பிள்ளைக கை தானா பழகிரும்.”

“எனக்குப் பழகிருச்சுப்பா” என்றாள் அவள். போனை என்னிடம் திருப்பித் தந்தாள். வெளியே பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

“எழுதுக்கா. கடையில கிடக்கிறதையும் சேத்து எழுது. ஜூலைக்குப் பெறகு போட்ட ஒரு பாக்கெட்டையும் யாரும் தொடக் கூடாது.”

“சுந்தர்ராஜ் பேரப் போடவா?”

“அந்தாளு பேரும் இருக்கட்டும். பிசைஞ்சது நாமதான், அத மொதல்ல எழுது.”

எழுதி முடித்தேன். வேறொரு தாளில் அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். ஏழு எழுத்து. கடிதத்தின் அடியில் போட அவள் பேனாவைப் பிடித்தாள். வழவழத்த விரலில் அது நிற்கவில்லை. முந்தானை நுனியைப் பேனாவில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது எழுத்தில் கை நின்றது. மேலே நான் எழுதியிருந்ததைப் பார்த்தாள், வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள், மீதி நான்கையும் எழுதினாள்.

வைகுண்டராஜ் சாவியை எடுத்தார். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. சுருளியம்மாள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 16.11.2009, திங்கட்கிழமை.