எண்ணெய் போட்ட குழலின் முதல் வெடி

பங்குனியில் எயார் ரைபிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, சுட்ட ஒவ்வொரு குண்டையும் ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். திகதி, நேரம், காற்று, எத்தனையாவது வெடி, எங்கே பட்டது. அன்றைய முதல் வெடிக்குச் சிவப்பு மை, மற்றவற்றுக்கு நீலம். இருபத்தெட்டு வருடமாக நில அளவைப் படம் வரைகிறவன் நான். புள்ளி வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கொப்பியில் நான் குறிக்காமல் விட்டது ஒன்று உண்டு. என் குறிப்பலகைக்குப் பின்னால் பனையோலை வேலி. வேலிக்கு அப்பால் பன்னிரண்டு மீற்றரில் பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக் கொட்டில். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் அங்கே முக்காலியில் இருந்து பால் கறப்பார்.

துவக்கு வாங்கியது குரங்குகளுக்காக. தென்மராட்சியில் எங்கள் பக்கத்துக்கு அவை முன்பு வந்ததில்லை. இப்போது கூட்டமாக வந்து தென்னங் குரும்பட்டியைப் பிடுங்கி எறிகின்றன, கூரை ஓட்டைக் கழற்றுகின்றன. அனுமதிப் பத்திரம் என் பெயரில் கிடைத்தது. ஒரு குரங்கையும் கொல்வதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். குரங்குக்குப் பக்கத்துத் தென்னை மட்டையில் பட்டால் போதும், ஓடிவிடும். மட்டையில் பட வேண்டும், குரங்கில் படக்கூடாது என்றால் குறி சரியாக இருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் காலை ஆறே காலுக்கு, இருபது மீற்றர் தள்ளி ஓர் அடிச் சதுரப் பலகையில் வரைதாள் ஒட்டி, ஐந்து குண்டு சுடுவேன்.

சுட்டு முடிந்ததும் துடைப்பேன். பழைய வேட்டியை அங்குலச் சதுரங்களாக வெட்டி ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு வைத்திருந்தேன். கம்பியின் நுனியில் ஒரு துண்டைக் கோத்துக் குழலுக்குள் தள்ளினால் ஈயம் கறுப்பாக வரும். துணி வெள்ளையாக வரும்வரை தள்ளி, கடைசித் துண்டில் தையல் மெசின் எண்ணெய் நனைத்து ஒரு தடவை விட்டு, குழல்வாய் மேலே இருக்கும்படி அலுமாரி மூலையில் நிறுத்துவேன். தடிப்பான அந்தக் குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தால், உள்ளே முறுக்கிச் செல்லும் வரிகள் ஈரமாக மின்னும். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமையே கொப்பியில் அது தெரிந்தது. நான்கு நீலப் புள்ளிகள் ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குற்றிக்குள் அடங்கி இருக்கும். சிவப்பு மட்டும் தனியே, மூன்று விரற்கடை மேலே, சற்று வலப்பக்கமாக. அடுத்த சனியும் அப்படியே. என் கைதான் காரணம் என்று எண்ணினேன். காலையில் கை விறைத்திருக்கிறது, மூச்சை நேரத்தோடு விட்டுவிடுகிறேன், விசையைச் சுண்டுகிறேன். ஒவ்வொன்றையும் திருத்தினேன். சிவப்பு இறங்கவில்லை. குழல் இன்னும் சுத்தமாக இல்லைப் போலும் என்று எண்ணி, எண்ணெய்த் துண்டை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். ஆடியில் சிவப்பு நான்கு விரற்கடைக்கு ஏறியது, ஆவணியில் ஐந்துக்கு.

சத்தமும் வேறு. மற்ற வெடிகள் யாரோ தும்முவது போல. முதலாவது அறைந்தது போல வெடிக்கும். குழல்வாயில் மெல்லிய புகை எழும்பும், கருகிய எண்ணெய் மணக்கும். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒழுங்கை நாய்கள் ஒன்றும் குரைக்காது.

ஒரு நாள் வேலிக்கு மேலால் அக்கா கேட்டார்.

"தம்பி, உது என்ன முதல் வெடி மட்டும் உப்பிடி அதிருது? மற்றதுகள் சளி பிடிச்ச ஆள் மாதிரி. முதலாவது கேட்டால் எனக்கு இப்பவும் பங்கருக்குள்ளை ஓடவேணும் போலை கிடக்கு."

"எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சுதாக்கும் அக்கா."

"அப்ப குறையுங்கோவன். துவக்குத் துடைக்கிறியளோ, வடை சுடுறியளோ?"

இருவரும் சிரித்தோம். அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் எரிந்தால் குண்டு அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் போகும், வேகம் மாறினால் படும் இடமும் மாறும் என்பது அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருந்தது. அவர் விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். நான் உள்ளே போய் மீண்டும் ஒரு தடவை துடைத்தேன்.

அக்காவுக்கு அறுபது வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் ஒரு செம்மாடும்தான்.

புரட்டாசி முடிவில் நவராத்திரி வந்தது. கடைசி மாலை ஆயுத பூசை. வீட்டில் உழைக்கிற பொருளையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்குவோம். என் வரைகருவிப் பெட்டி, மண்வெட்டி, அரிவாள்மனை, மனைவியின் தையல் மெசின். நான் துவக்கையும் கொண்டுவந்தேன்.

"இஞ்சாருங்கோ, உதையும் சாமிக்கு முன்னாலை வைக்கப்போறியளோ?" என்றாள் மனைவி.

"ஏன், அரிவாள்மனை வைக்கலாம், இது வைக்கக் கூடாதோ?"

"அரிவாள்மனையாலை ஆரும் செத்ததா நான் கேள்விப்படேல்லை."

"குரங்குகூடச் சாகேல்லை இதாலை. இதுவும் ஒரு ஆயுதம்தானே."

"ஆயுதம்தான். அதுதான் கேட்டனான்," என்று சொல்லிவிட்டு அவள் குங்குமச் சிமிழை என் பக்கம் தள்ளி வைத்தாள். தான் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. நான் வைத்தேன்.

பூசைக்கென்று அன்று வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்திருந்தேன். எண்ணெய்த் துண்டு மூன்று தடவை போனது. மண்வெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன். இரவு முழுவதும் அந்த எண்ணெய் குழல் வழியே மெல்ல இறங்கி அடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விசயதசமி. பூசையில் வைத்த ஒவ்வொன்றையும் அன்று காலை ஒரு தடவையாவது தொழிலுக்கு எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மண்வெட்டியால் ஒரு கொத்து. மெசினில் ஒரு சாண் தையல். பேனையால் ஒரு கோடு. துவக்கால் ஒரு வெடி. நேரம் ஆறு பத்து. காற்று இல்லை. பலகையில் புதுத் தாள்.

அந்த வெடி எயார் ரைபிளின் வெடியாக இருக்கவில்லை. எங்கோ தொலைவில் இருந்த காகங்கள்கூட எழும்பின. புகை கலைந்த பிறகு போய்ப் பார்த்தேன். தாளில் துளை இல்லை. பலகையிலும் இல்லை. விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன், உராய்வுகூட இல்லை. வேலிக்கு அப்பால் கயிறு விறைப்பாக இழுபடும் சத்தமும், கொட்டிலின் கப்புத் தூண் அசையும் சத்தமும் கேட்டன. மாடு கத்தவில்லை.

மனைவி குசினி வாசலுக்கு வந்தாள்.

"பட்டதோ?"

"இல்லை."

சிவப்பு மையால் 'பலகைக்கு வெளியே' என்று எழுதினேன். எழுத்து இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.

கால் மணித்தியாலத்தில் அக்காவின் குரல் வந்தது. "தம்பி, ஒருக்கா வாங்கோ. மாட்டின்ரை கண்ணிலை என்னவோ."

இடக் கண்ணிலிருந்து நீரும் இரத்தமும் கலந்து வடிந்தன. மாடு தலையைக் கப்போடு தேய்த்துக்கொண்டிருந்தது. அன்று கோயில் அபிஷேகத்துக்குப் பால் கொடுப்பதற்காக அக்கா ஐந்து மணிக்கே கறந்துவிட்டாராம். பிறகு வைக்கோலை மறுபக்கத்தில் போட்டுவிட்டுப் பூப் பறிக்கப் போயிருக்கிறார். வழக்கமாக வடக்கே பார்த்து நிற்கிற மாடு வைக்கோலுக்காகத் திரும்பி, அக்கா இருந்து கறக்கிற இடத்தில் தலை வரும்படி நின்றிருக்கிறது.

மறுநாள் மிருக வைத்தியர் வந்தார். நான்தான் மாட்டின் தலையைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் சின்ன டோர்ச்சால் நெடுநேரம் பார்த்தார்.

"பார்வை போயிட்டுது அம்மா. உங்கை ஆரும் கவண் கிவண் வைச்சிருக்கினமோ?"

"சீ, இஞ்சை ஆர் டொக்டர் கவண் வைச்சிருக்கிறது? குரங்குதான் குரும்பட்டியாலை எறிஞ்சிருக்கும். அதுகளுக்கு என்னோடை ஒரு கோபம்."

"குரும்பட்டி இவ்வளவு சின்னக் காயம் போடாது," என்றார் வைத்தியர். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் போன பிறகு அக்கா கொட்டில் நிலத்தைக் காட்டினார். "நல்லகாலம், அபிஷேகம் இருந்தது. இல்லாட்டி அந்த நேரம் நான் உதிலைதான் இருப்பன். மாட்டின்ரை வயித்திலை தலையை வைச்சுக்கொண்டு."

வீட்டுக்கு வந்து எங்கள் இரண்டு காணிகளின் வரைபடத்தையும் மேசையில் விரித்தேன். சுடும் இடம், பலகை, வேலி, கொட்டில். அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன். ஏழு மாதத்துச் சிவப்புப் புள்ளிகளும் ஒரே திசையில் இருந்தன. பலகை மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கோடு கொட்டிலுக்குள் முடிந்திருக்கும். அக்கா பால் கறந்துகொண்டிருக்கிற நேரத்தில்.

நான்கு நாள் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் குவித்திருந்த மண்மேட்டில் பலகையைச் சாத்திச் சோதித்தேன். துடைக்காமல் விட்ட குழலின் முதல் வெடி மற்றவற்றோடு சேர்ந்து விழுந்தது. துடைத்து எண்ணெய் போட்ட குழலின் முதல் வெடி மேலே போனது. மூன்று தடவையும் அப்படித்தான். கையில் பிழை இல்லை, கண்ணிலும் இல்லை. மருந்து போடும்போது மாட்டைப் பிடிக்கக் காலையும் மாலையும் அக்கா என்னைக் கூப்பிட்டார். போனேன். ஒவ்வொரு தடவையும் "உங்களுக்குக் கரைச்சல் தாறன் தம்பி" என்றார்.

ஐந்தாம் நாள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாளியில் பிண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது குரங்கில்லை. என்ரை துவக்கு."

அவர் கை நின்றது. "கை தவறிப்போச்சுதோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். கொப்பியை விரித்துக் காட்டினேன்.

"கை தவறேல்லை. ஏழு மாசமா முதல் வெடி இப்பிடித்தான் போகுது. எழுதி வைச்சிருக்கிறன்."

ஈரக் கையால் வாங்கிப் பார்த்தார். மை கொஞ்சம் பரவியது. "இந்தச் சிவப்பெல்லாம்?"

"முதல் வெடி."

"எல்லாம் என்ரை பக்கமோ?"

"பலகையிலைதான் பட்டது. ஆனால் ஓம், உங்கடை பக்கம்தான்."

"ஏழு மாசமா மை பிரிச்சு எழுதியிருக்கிறியள்," என்றார். "வேலிக்கு இஞ்சாலை ஒரு ஆள் இருக்கு எண்டு எந்த மையாலை எழுதினியள்?"

அவர் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

"நாளைக்கு ஒருக்கா அதே மாதிரிச் செய்து காட்டுங்கோ. அதே மாதிரி எண்ணெய் போட்டு, இரவு நிமித்தி வைச்சு. நான் இருக்கிற இடத்திலை ஒரு பலகை வைப்பம்."

"வேண்டாம் அக்கா."

"எனக்குப் பாக்க வேணும்."

அடுத்த நாள் காலை அவர் ஒரு பழைய கதவுப் பலகையைக் கொட்டிலில் நிறுத்தினார். முக்காலியைப் போட்டு அதன் முன்னால், பால் கறக்கிறபடியே தலையைச் சாய்த்து இருந்தார். உச்சிக்கு ஒரு கோடும் நாடிக்கு ஒரு கோடும் சோக்கால் கீறும்படி என் மனைவியிடம் சொன்னார். மனைவி கீறினாள். பிறகு மூவரும் என் முற்றத்துக்கு வந்தோம். மாடு தூரத்தில், மதிலுக்குப் பின்னால் கட்டியிருந்தது. இருவரையும் எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். குறிப்பலகையின் நடுப்புள்ளியைக் குறி பார்த்து, எப்போதும் போல மூச்சைப் பாதி விட்டு, விசையை மெல்ல அழுத்தினேன்.

குறிப்பலகையில் துளை இல்லை.

அக்கா எனக்கு முன்னால் நடந்து கொட்டிலுக்குப் போனார். கதவுப் பலகையில், இரண்டு சோக்குக் கோடுகளுக்கும் இடையில், சிறிய துளை. சின்ன விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார். நுனிதான் போனது.

"காதடியிலை," என்றார்.

அளந்து சொல்ல என் கை சட்டைப் பையிலிருந்த நாடாவுக்குப் போனது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அன்றே துவக்கையும் அனுமதிப் பத்திரத்தையும் கொண்டுபோய் ஒப்படைத்தேன். குரங்குகள் வருகின்றன. தகரத்தைத் தட்டுகிறோம். அக்கா எங்களோடு கதைப்பதை நிறுத்தவில்லை. கறிவேப்பிலை கேட்டால் தருகிறார், எங்கள் வீட்டுப் பலகாரத்தை வாங்கிக்கொள்கிறார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் எங்கள் வேலிக்கும் தனக்கும் நடுவில் மாடு நிற்கும்படி முக்காலியை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார். அந்தப் பக்கத்தில் மாட்டுக்குக் கண் இல்லை. யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, உதைக்கிறது. ஒரு தடவை அவர் முழங்காலில் பட்டு இரண்டு கிழமை நொண்டினார். அதனால் இப்போது சொல்லிக்கொண்டே போகிறார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அந்தக் குரல் வேலியைத் தாண்டி வரத் தொடங்கும்.

"நான்தான். நான்தான் வாறன். பயப்பிடாதை, நான்தான்."

பால் வாளி நிறையும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அதுவரை நான் கிணற்றடிக்குப் போவதில்லை. என் பக்கத்தில் ஒரு வாளி இடறினாலும் அந்த மாடு உதைக்கும்.