வண்டிக்காரி பிடித்த சுக்கான்

சுக்கான் என்ற சொல் எனக்கு வெகுகாலம் கழித்து, வானொலியில் கேட்டுத்தான் தெரியும். அதைக் கையில் பிடித்தபோது நான் அறிந்த பெயர் படகு வால். மலாயாவில், லிங்கி ஆற்றங்கரை ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். படகின் பின்பக்கம் இரும்புக் கொக்கிகளில் மாட்டி, தண்ணீருக்குள் தொங்கும் பலகை அது. அதன் தலையில் செருகிய நீளக் கழியைத்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். மலாய்க்காரர்களுக்குப் பலகை, கழி எல்லாமே கெமுடிதான்.

ஜப்பான்காரன் காலம். அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நானும் நிறைமாத அண்ணியும் மட்டும். அண்ணன் ஓட்டிய தண்ணீர் மாட்டுவண்டியை நானே ஓட்டினேன். மாட்டிடம் பேசுவேனே தவிர, ஆம்பிளைகள் எதிரில் எனக்கு வாய் வராது.

அண்ணிக்கு விடியற்காலையில் வலி கண்டது. மதியமாகியும் பிள்ளை இறங்கவில்லை. தோட்டத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குதுடி. என்னால திருப்ப முடியல. ஆத்து முகத்துக் கம்பத்துல, அந்த மலாய்க்கார ஊருல, பீடான் ஒருத்தி பிரசவம் பாக்குறா, அவ திருப்புவா. இருட்டுறதுக்குள்ள கொண்டு போகணும். இல்லாட்டி ரெண்டு உசுரும் தங்காது."

சாலைப் பாலத்தை வெள்ளைக்காரன் ஓடும்போது உடைத்துவிட்டுப் போயிருந்தான். ஆறுதான் வழி. மீன் கொடுத்து மரவள்ளிக் கிழங்கு வாங்கிப் போக வரும் மலாய்க்காரப் பெரியவரின் படகு துறையில் நின்றது. அண்ணியைச் சாரோங்கில் தூக்கிப் போய் அதில் படுக்க வைத்தோம். கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்த நேரம். பெரியவர் இரண்டு கையாலும் துடுப்பு வலித்தால்தான் படகு நகரும். மருத்துவச்சி அண்ணி வயிற்றிலிருந்து கையை எடுக்க முடியாது. வால் பிடிக்க மிச்சம் நான்தான்.

பெரியவர் படகின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்து வலித்தார். கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "கிரி! கிரி!" என்றார். இடப்பக்கம் என்று எனக்குப் புரிந்தது. வண்டியில் இடப்பக்கம் போக இடக்கயிற்றை இழுப்போம். கழியையும் அப்படியே இடப்பக்கம் இழுத்தேன். படகு வலப்பக்கம் ஓடி கரையோர நிப்பா பனை மட்டைகளுக்குள் சொருகிக்கொண்டது.

அந்த வலியிலும் அண்ணிக்கு வாய் அடங்கவில்லை. "ஏண்டி, இதுக்கென்ன மூக்கணாங்கயிறா போட்டிருக்கு? மாடு இல்லடி, படகுலா இது!"

"நீ சும்மா கெட. புள்ள பெக்குற நேரத்துல பேச்சப் பாரு" என்றாள் மருத்துவச்சி.

பெரியவர் துடுப்பால் குத்திப் படகை வெளியே தள்ளினார். மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் எதிர்ப்பக்கம் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடு முன்னால் நின்று இழுக்கிறது. இந்தப் பலகை பின்னால் இருந்து தள்ளுகிறது. போக வேண்டிய பக்கத்துக்கு எதிராகக் கழியைத் தள்ளினேன். படகு சொன்னபடி கேட்டது!

ஆனால் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் துடுப்பு நின்றது, ஏறுகிற நீர் எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாகிப் போனது. அவர் திரும்பாமல் வலிக்க வேண்டுமென்றால் வழியை நான் பார்த்தாக வேண்டும், அதைச் சத்தமாகச் சொல்லவும் வேண்டும்.

"தெருஸ், பாக் சிக்! தெருஸ்!" நேரே போங்கள், பெரியவரே என்று கத்தினேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்து வலிக்க ஆரம்பித்தார்.

வளைவில் வேரோடு ஒரு மரம் மிதந்து வந்தது. துடுப்பு வேகம் இருந்தால்தான் வால் பேச்சைக் கேட்கும் என்று அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்தது. "குவாட்! இன்னும் பலமா!" என்று தமிழும் மலாயும் கலந்து கத்திக்கொண்டு, கழியை வயிற்றோடு சேர்த்து அமுக்கினேன். மரத்தின் வேர் படகின் விலாவை உரசிக்கொண்டு போயிற்று. மருத்துவச்சி முருகா என்றாள். பெரியவர் ஒரே ஒரு சொல் சொன்னார்: "பாகுஸ்." நன்று என்று அர்த்தம்.

கம்பத்துத் தென்னை உச்சியில் வெயில் இருக்கும்போதே சேர்ந்துவிட்டோம். பீடான் எண்ணெய்க் கையால் பிள்ளையைத் திருப்பினாள். விளக்கேற்றும் முன் பெண்பிள்ளை பிறந்து, வீடு அதிர அழுதது. அண்ணி கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"வண்டிக்காரி, நீயே மொதல்ல தூக்குடி."

கழி பிடித்துக் கொப்புளம் வெடித்திருந்த கையால் வாங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஊர் திரும்பினோம். நீர் நாங்கள் போகும் பக்கமாகவே ஏறிக்கொண்டிருந்ததால் வலிக்க அதிக பலம் வேண்டியிருக்கவில்லை; துடுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியவரே வாலைப் பிடித்திருக்கலாம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் துடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார். பிள்ளையும் அண்ணியும் நடுவில். தோட்டத்துத் துறை வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.