பெனால்டிக்காக விழுந்தேன்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. சாயங்காலங்களில் பாலாற்று மணலில் சடுகுடு, ஞாயிற்றுக்கிழமைகளில் புட்பால்.

சடுகுடுவில் மாமாதான், என் அக்காள் புருஷன், எங்களுக்குத் தலைவர். அவருக்கும் அதே ஷாப்பில்தான் வேலை. ஆறு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் மூச்சுவிடாமல் பாடும் பாட்டை நிறுத்தக் கூடாது, வலிக்கிறது என்று முனகுகிறவன் மறுநாள் வரவே வேண்டாம் என்பார். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டாலே தோல்வி. விழுவது கேவலம் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து புட்பால் டீம் ஒன்று வந்தது. அவர்கள் எல்லார் காலிலும் பூட்ஸ். நாங்கள் வெறுங்கால். ரெப்ரியாக ஒரு வெள்ளைக்காரத் துரை. பந்து என்னிடம் வரும்போதெல்லாம் அவர்களுடைய தடித்த பேக் ஆட்டக்காரன் என் முழங்காலுக்குக் கீழே உதைத்தான். தடுமாறுவேன், சமாளித்துக்கொண்டு ஓடுவேன். ஏழு முறை இப்படி. விசில் வரவே இல்லை.

இடைவேளையில் துரையிடம் போய் ரத்தம் கசிந்த காலைக் காட்டினேன். எங்கள் கேப்டனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். துரை சொன்னதை அவர் எனக்குச் சொன்னார்: நீ விழாமல் ஓடிக்கொண்டிருந்தாய், அதை எப்படி பவுல் என்பது?

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோல் வாசலுக்கு அருகே அவன் பூட்ஸ் என் காலை லேசாக உரசியது. அலறிக்கொண்டு விழுந்து மூன்று புரளல் புரண்டேன். விசில் ஊதிற்று. பெனால்டியைக் கேப்டன் கோலாக்கினார். ஜெயித்தோம்.

ஊரே கூத்தாடியபோது மாமா மட்டும் ஒதுங்கி நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டார்.

"அடிபட்டு உழுந்தியா மச்சான், நடிச்சியா?"

"நடிச்சேன் மாமா."

"வெக்கமா இல்ல?"

"ஏழு வாட்டி ஒதச்சான். நான் உழல, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. எட்டாவது வாட்டி உழுந்தேன், தெரிஞ்சுது. வெக்கப்பட வேண்டியது நானா?"

அவர் நடையை எட்டிப் போட்டு முன்னால் போய்விட்டார். சடுகுடு ஆட்டத்தில் எனக்கு இனி இடமில்லை என்று அக்காள் மூலமாகச் சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை சுண்ணாம்புத் தண்ணீர் புண்ணில் தெறித்தபோது உயிர் போயிற்று. மாமா வந்து காலைக் குனிந்து பார்த்தார். வீங்கியிருந்த ஏழு இடங்களையும் பார்த்திருப்பார். என் கையிலிருந்த, தோல் இழுக்கும் இரும்புக் குறட்டை வாங்கிக்கொண்டு, என் பங்குத் தோல்களையும் அவரே தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டார். ஆனால் சடுகுடு அணியில் சேர்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுமாதம் அதே டீமோடு ஆட வேலூருக்குப் போனோம். அதே துரைதான் ரெப்ரி. இந்த முறை அந்தத் தடியன் மேலேயே அவருக்குக் கண். அவன் என்னை நெருங்கவே பயந்தான். ஆட்டம் முழுக்க நான் ஒரு தடவைகூட விழவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். திரும்பி வரும்போது ரயிலில் கால் நீட்டி உட்கார்ந்தேன். காலில் புதிதாக ஒரு காயமும் இல்லை.