கழற்றினவர் மாட்டட்டும்

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவர் அவர். அதற்குப் பிறகு மட்டும் எதற்குப் பொறுத்தார்? காப்பியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாத நாளில்லை. எங்கே போனாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் போவார். பட்டறைத் தெருவில் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர். "அவசரம் இருக்காரா?" என்று யாராவது கேட்டு வந்தால், "இப்பத்தான் வெளிய போனாரு" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இப்படிப்பட்டவருக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் மனைவியின் அண்ணன். மச்சான் ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, திருப்பிப் பார்த்து, இடம் பார்த்து வைத்த பிறகுதான் அடுத்த நட்டுக்குப் போவார். பட்டறையில் இருவருக்கும் சேர்த்து இரும்பு கடைகிற ஒரே ஒரு பழைய லேத். அதன் கியர்பாக்ஸ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வேலை நடுவே கியர் தானாக நழுவும், கடைகிற இரும்பில் கோடு விழும், பொருள் பாழ். மச்சான் அதைத் திறந்தார். ஷாஃப்ட், பற்சக்கரம், வாஷர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, பழைய போர்வையில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தார்.

"கழட்டினவன்தான் மாட்டணும் மாப்ள. வரிசை என் தலைக்குள்ள இருக்கு. நீ கை வெச்சிராத" என்றார்.

அன்று சாயங்காலமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார்.

பட்டறையில் அந்தப் போர்வை விரித்தது விரித்தபடி கிடந்தது. நம் ஆளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சக்கரத்தை எடுத்தார், வைத்தார். சும்மா பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர், தேய்ந்துபோன புஷ்ஷுக்குப் பதிலாக மச்சான் வாங்கி வைத்திருந்த புதியதைப் போட்டு, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, மாட்டியே விட்டார். சுவிட்சைப் போட்டதும் லேத் வெண்ணெயாக ஓடியது. எந்தக் கியரும் நழுவவில்லை. மச்சான் துணையில்லாமல் அவர் உருப்படியாகச் செய்த முதல் பெரிய வேலை அதுதான்.

சொல்லாமல் இருக்க முடியுமா அவரால்? கையில் கிரீஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டுக்குள் நுழையும்போதே வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மச்சான் முந்திக்கொண்டார்.

"மாப்ள, கியர்பாக்ஸத் தொடலயே?"

"தொடல மச்சான்." அது தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மச்சான் விரல்களை மடக்கி, எந்த வாஷருக்குப் பிறகு எந்தச் சக்கரம் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். வார்டுக்கு வெளியே வந்ததும் நம் ஆளை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட மாட்டேங்கிறாரு, பேச மாட்டேங்கிறாரு, சுவத்தப் பாத்தே படுத்திருக்காரு. அந்தக் கியர்பாக்ஸப் பத்திப் பேசறப்பத்தான் எங்கண்ணன் மாதிரி இருக்காரு. கையில என்னங்க கிரீசு?"

சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாம இல்லாமலே எல்லாம் நடந்திருச்சேன்னு நெனச்சு ஒரு ஓரமா உக்காந்துட்டாருன்னா, அப்புறம் எழுந்திருக்க மாட்டாருங்க" என்றாள்.

அதன்பின் நம் ஆள் பட்ட பாடு இருக்கிறதே! மச்சான் தினமும் கேட்பார், இவர் தினமும் "தொடல" என்பார். பட்டறையில் வேலை குவிந்தது. லேத்தை ஓட்டினால் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும், யாராவது போய் ஆஸ்பத்திரியில் உளறிவைப்பார்கள். ஓடத் தயாராக நிற்கிற இயந்திரத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், முடியாதபோது தெருவை அளந்தார்.

மச்சான் வீடு திரும்பும் நாளன்று காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கியர்பாக்ஸைத் திறந்தார். நன்றாக ஓடுகிற ஒன்றைக் கழற்ற யாருக்காவது மனசு வருமா? ஒவ்வொன்றையும் எடுத்துப் போர்வையில் அதனதன் இடத்தில் வைத்தார். பளபளவென்றிருந்த சக்கரங்களின்மேல் கழிவு எண்ணெயைத் தன் கையாலேயே பூசினார். என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மச்சான் வீட்டுக்குக்கூடப் போகாமல் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பட்டறைக்குத்தான் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து போர்வையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு ஓரமாகக் கிடந்த கியர்பாக்ஸ் மூடியைப் புரட்டினார். அதன் விளிம்பில், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற அட்டை பேக்கிங் புதிதாக ஒட்டியிருந்தது. உள்வேலை எல்லாம் முடிந்து மூடுகிற நேரத்தில்தான் புது பேக்கிங் வெட்டுவார்கள். அவசரத்தில் இவர் அதை உரித்தெடுக்க மறந்தே போயிருந்தார்.

"மாட்டினியா மாப்ள?"

"மாட்டினேன்."

"ஓடிச்சா?"

மச்சானின் கை மூடிமேல் அப்படியே நின்றது. இத்தனை நாள் வெளியே காட்ட முடியாமல் அடக்கி வைத்திருந்த பெருமை நம் ஆளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும்.

"ஓடல மச்சான்" என்றார். "எவ்வளவோ பாத்தேன். உங்க வரிசை எனக்குப் பிடிபடல. அதான் மறுபடியும் கழட்டி வெச்சுட்டேன்."

மச்சான் நிமிர்ந்து அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, "தொடாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே" என்று முணுமுணுத்தபடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குக் கனம் தூக்கக் கூடாதாம். அந்த ஷாஃப்ட்ட நீ புடி."

அவர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.